கதாபாத்திரத்தைக் கொல்லும்போது நாவலாசிரியருக்கு என்ன நேர்கிறது?

நாவலில் மனத்துக்குப் பிடித்த ஒருவர் இறந்துபோனால் வாசகர் முதலில் கேட்பது, "இவரை ஏன் சாகடித்தார்கள்?" என்பதுதான். சாகடித்தவருக்கு வலித்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பலருக்கு வருவதே இல்லை. தானே கற்பனை செய்த ஒருவரைத் தாளில் கொன்றுவிட்டு யாராவது அழுவார்களா என்று புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் வியப்பது இயல்பே. அழுதிருக்கிறார்கள் என்பதற்கு எழுத்தாளர்களின் கடிதங்களிலும் தன்வரலாறுகளிலும் நிறையச் சான்றுகள் உள்ளன. "அப்பாடா" என்று மூச்சு விட்டவர்களும் அதே அளவுக்கு உண்டு. ஒரே செயல் ஒருவரை அழவைத்து இன்னொருவரை நிம்மதியாக உறங்கவைப்பது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தைக் கொல்லும் எழுத்தாளர் இழப்பது பெரும்பாலும் ஒரு வேலைத் தோழமையை. அந்தத் தோழமை இனித்துக்கொண்டிருந்ததா, கசந்துபோயிருந்ததா என்பதைப் பொறுத்தே கண்ணீரும் நிம்மதியும் அமைகின்றன.

தோழமை என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிறுகதையில் வரும் ஒருவரோடு எழுத்தாளர் சில நாட்களோ சில வாரங்களோ இருக்கிறார். நாவலில் வருபவரோடு ஆண்டுக்கணக்கில் இருக்க நேர்கிறது. அந்த ஆள் எதற்குக் கோபப்படுவார், யாரிடம் பணிந்து பேசுவார், பொய் சொல்லும்போது எந்த இடத்தில் குரல் தாழும் என்பதெல்லாம் அத்தனை காலத்தில் யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழகிவிடுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, தான் இட்டுக்கட்டுவதாகத் தோன்றாமல், அவர் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்வதாகவே எழுத்தாளருக்குத் தோன்றும். இது மேடையில் எழுத்தாளர்கள் அளக்கும் கதை என்று சொல்பவர்கள் உண்டு. சில மேடைகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியும்கூட. ஆனால் ஆரிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஜரி டெய்லர் தம் குழுவினரோடு 50 புனைகதை எழுத்தாளர்களிடம் பேசி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 92 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்கள் தாமாகவே இயங்குவதைப் போன்ற அனுபவம் ஏதோ ஒரு வகையில் தங்களுக்கு இருப்பதாகக் கூறினார்கள். டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்விலும், 181 எழுத்தாளர்களில் 63 சதவீதத்தினர் எழுதும்போது பாத்திரங்களின் குரல் தங்களுக்குக் கேட்பதாகச் சொன்னார்கள். பாத்திரத்தைக் கொல்லும்போது அடங்குவது இந்தக் குரல்தான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று சார்லஸ் டிக்கன்ஸிடம் இருக்கிறது. 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' என்ற அவருடைய நாவல் 1840 ஏப்ரல் முதல் 1841 பிப்ரவரி வரை வாரந்தோறும் வெளிவந்தது. சூதாட்டப் பித்துப் பிடித்த தாத்தாவோடு ஊர் ஊராக அலையும் நெல் என்ற சிறுமிதான் அதன் மையம். அவள் இறந்தாக வேண்டும் என்ற எண்ணம் டிக்கன்ஸுக்குத் தொடக்கத்தில் இருக்கவில்லை. கதை பாதி வந்த பிறகு, அவருடைய நண்பரும் பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான ஜான் ஃபார்ஸ்டர்தான் அந்த யோசனையைச் சொன்னார். வாசகர்கள் விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். நெல்லுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு வரும் கடிதங்களில் தான் மூழ்கிப்போயிருப்பதாக 1840 நவம்பரிலேயே டிக்கன்ஸ் தம் பதிப்பாளருக்கு எழுதினார். வாரப் பத்திரிகைத் தொடர்களோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த நெருக்கடியை விளக்க வேண்டியதில்லை: கதை முடிவதற்கு முன்பே ஊர் முழுவதும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், எழுதுபவரோ அடுத்த வாரத்துக்கான பக்கங்களோடு மல்லாடிக்கொண்டிருப்பார்.

1841 ஜனவரியில் டிக்கன்ஸ் எழுதிய கடிதங்களைப் படித்தால் அவர் பட்ட பாடு தெரியும். நடிகரும் நண்பருமான மக்ரெடிக்கு எழுதியதில், அந்தக் குழந்தையைத் தான் மெல்ல மெல்லக் கொலை செய்துகொண்டிருப்பதாகவும், அது தன் நெஞ்சைப் பிழிவதாகவும், ஆனாலும் அது நடந்தே தீர வேண்டும் என்றும் கூறுகிறார். ஃபார்ஸ்டருக்கு எழுதியதில், அவளுடைய பிரிவைத் தன்னளவுக்கு உணரப்போகிறவர் யாரும் இல்லை என்கிறார். பழைய புண்கள் மறுபடி இரத்தம் கசிவதாகச் சொல்லிவிட்டு, இந்தக் கதையை நினைக்கும்போது மேரி நேற்றுத்தான் இறந்ததைப் போல இருக்கிறது என்றும் எழுதுகிறார். மேரி ஹோகார்த் டிக்கன்ஸின் மனைவியுடைய தங்கை. 1837 மே மாதம், 17 வயதில், திடீரென்று நோயுற்று டிக்கன்ஸின் கைகளிலேயே உயிர்விட்டவர். அவருடைய விரலிலிருந்து கழற்றிய மோதிரத்தை டிக்கன்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தார். அப்போது எழுதிக்கொண்டிருந்த இரண்டு தொடர்களையும் அடுத்த மாதம் நிறுத்திவைத்தார். தவணை தவறாத அந்த மனிதர் அப்படிச் செய்தது அபூர்வம்.

அப்படியானால் டிக்கன்ஸ் அழுதது மேரிக்காகத்தானே, இதில் வேலைத் தோழமை எங்கே வந்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மேரியின் இழப்பு அந்தக் கண்ணீரில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஃபார்ஸ்டருக்கு எழுதிய அதே கடிதத்தில், எடுத்துக்காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் வந்த விருந்தழைப்புகள் பலவற்றைத் தான் மறுத்துவிட்டதாக டிக்கன்ஸ் சொல்கிறார். வெளியே போனால், தான் பாடுபட்டு வரவழைத்துக்கொண்டிருக்கும் மனநிலை கலைந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து திரட்ட வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறார். துக்கத்தில் இருக்கும் ஒருவர் விருந்துக்குப் போகாததற்குக் காரணம் துக்கமாக இருக்கும். டிக்கன்ஸ் போகாததற்குக் காரணம், அந்தத் துக்கம் எழுதி முடிக்கும்வரை கைவசம் இருக்க வேண்டும் என்பது. உண்மையான வேதனை, அதை வீணாக்காமல் பேணும் தொழில்காரனின் கவனம் ஆகிய இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று பொய்யாக்காமல் இருந்திருக்கின்றன. இதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெல்லின் சாவை அவர் எழுதிய விதத்திலும் இந்தக் கவனம் தெரிகிறது. அவள் உயிர் பிரியும் கணம் நேரடியாகக் காட்டப்படுவதில்லை. அவளைத் தேடிக்கொண்டு சிலர் பனி பொழியும் இரவில் அந்தக் கிராமத்துக்கு வந்துசேர்கிறார்கள். தாத்தா கணப்பின் முன் உட்கார்ந்து, அவள் தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்தவர்கள் உள்ளே போய்ப் பார்க்கும்போதுதான், அவள் இறந்து இரண்டு நாட்களாகிவிட்டன என்பது நமக்குத் தெரிகிறது. அதற்கு மேல் அந்தப் பகுதி மிகைக்குள் போய்விடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நெல்லின் மரணத்தைச் சிரிக்காமல் படிப்பதற்குக் கல்நெஞ்சம் வேண்டும் என்று ஆஸ்கர் வைல்டு கேலி செய்ததாகச் சொல்வார்கள். எழுதியவர் அதிகமாக அழுதால் காட்சி சிறப்பாக அமையும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தாத்தா கணப்பருகே உட்கார்ந்திருக்கும் அந்தச் சில பக்கங்கள், அவளுடைய நற்குணங்களை அடுக்கும் பக்கங்களைவிட எவ்வளவோ மேல்.

நாவலை 1841 ஜனவரி 17 அன்று அதிகாலை நான்கு மணிக்கு எழுதி முடித்த டிக்கன்ஸ், இந்த மனிதர்கள் எல்லோரையும் தான் நிரந்தரமாக இழந்துவிட்டதை நினைத்தால் மிகவும் சோர்வாக இருக்கிறது என்றும், இனிப் புதிய பாத்திரங்கள் எவரோடும் தனக்கு ஒட்டுதல் ஏற்படாதோ என்று தோன்றுகிறது என்றும் ஃபார்ஸ்டருக்கு எழுதினார். இங்கே அவர் நெல்லை மட்டும் சொல்லவில்லை. கதை முடிவில் உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்தே "இழந்துவிட்டேன்" என்கிறார். நான் முதலில் சொன்ன கருத்துக்கு இதைவிட நேரடியான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

உடல்வரை பாய்ந்த அனுபவமும் உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர், தம் 'மதாம் போவாரி' நாவலின் நாயகி எம்மா போவாரி நஞ்சுண்ணும் பகுதியை எழுதியபோது தன் வாயிலேயே ஆர்செனிக்கின் சுவை தெரிந்ததாகவும், அடுத்தடுத்து இரண்டு முறை வயிறு கெட்டு, உண்ட உணவை வாந்தி எடுத்ததாகவும் 1866இல் இப்போலித் தேன் என்ற விமர்சகருக்கு எழுதினார். அவர் எழுதிய அந்தச் சாவில் ஆசிரியரின் அழுகை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. நஞ்சு உடலை என்ன செய்கிறது என்பதை ஈவிரக்கமில்லாத நிதானத்தோடு எழுதியிருக்கிறார்.

கண்ணீரும் நோயும் இல்லாமல், எழுத்தாளரின் இழப்பை அதன் இயல்பான அளவில் காட்டுபவர் ஆன்டனி டிரோலப். இங்கிலாந்தில் பார்செட்ஷயர் என்ற கற்பனை மாவட்டத்தை வைத்து அவர் எழுதிய நாவல் வரிசையில், ஆயரின் மனைவியாக வரும் திருமதி பிரவுடி ஓர் அடங்காப்பிடாரி. ஆயரின் அதிகாரத்தை எல்லாம் தன் கையில் வைத்துக்கொண்டு மறைமாவட்டத்தையே ஆட்டிப்படைப்பவள். 1857இல் அறிமுகமாகி, வரிசையின் கடைசி நாவல் வெளிவந்த 1866-67 காலம்வரை பத்தாண்டுகள் உயிரோடு இருந்தாள். அவள் செத்த கதையை டிரோலப் தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் லண்டனில் அதினியம் மன்றத்தின் நீண்ட கூடத்தில் ஒரு கோடியில் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். பாதிரியார்கள் இருவர் கணப்பின் இரு பக்கமும் ஆளுக்கொரு பத்திரிகையோடு உட்கார்ந்து, அவற்றில் வந்த அவருடைய நாவல்களைத் திட்டுகிறார்கள். எல்லாக் கதையிலும் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறாரே என்பது அவர்களுடைய குறை. பேச்சு திருமதி பிரவுடி பக்கம் திரும்பியதும் டிரோலப் எழுந்துபோய் இருவருக்கும் நடுவில் நின்று, அந்தக் குற்றவாளி நான்தான் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் வாரம் முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்கிறார். பாதிரியார்கள் திகைத்துப்போகிறார்கள், ஒருவர் தான் சொன்னதை மறந்துவிடும்படி கெஞ்சுகிறார். டிரோலப் சொன்னதைச் செய்துவிட்டார்.

வேடிக்கையாகத் தொடங்கிய இந்தக் கொலை எழுதப்பட்ட விதத்தில் வேடிக்கை இல்லை. நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்று கணவன் முதன்முறையாக மனம் கசந்து சொன்ன பிறகு, அவள் தன் அறைக்குப் போகிறாள். சற்று நேரம் கழித்துப் பணிப்பெண் பார்க்கும்போது உடல் நின்றபடியே கட்டிலில் சாய்ந்திருக்கிறது. ஒரு கை கட்டில் காலை இறுகத் தழுவியிருக்கிறது. வாய் மூடியிருக்கிறது, கண்கள் திறந்திருக்கின்றன. தனக்கு இதயநோய் இருப்பதை அவள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள். பத்தாண்டுகள் யாருக்கும் வளைந்துகொடுக்காதவளை ஆசிரியர் கீழே விழவிடவில்லை. வெறுப்பவர் இப்படி எழுத மாட்டார்.

தன்வரலாற்றில் டிரோலப், அந்தச் செயலுக்காகத் தான் சில வேளைகளில் வருந்தியதுண்டு என்று ஒத்துக்கொள்கிறார். அவர் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: அவளைப் பற்றி எழுதுவது தனக்கு அவ்வளவு இன்பமாக இருந்தது; அவளுடைய குணத்தின் நுட்பங்கள் அனைத்தும் தனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தன. நல்லவள் போய்விட்டாளே என்று அவர் வருந்தவில்லை. அவள் கொடுங்கோலி, வம்புக்காரி என்று அடுக்கிவிட்டு, ஆனாலும் கபடமில்லாதவள், தான் மிரட்டும் நரகத்தை உண்மையிலேயே நம்பியவள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பிறகு வந்த பாத்திரங்கள் சிலரும் தனக்கு அதே அளவு அருமையானவர்களாக இருந்தாலும், அவளுடைய ஆவியோடு தான் இன்னும் பழகிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். வாசகருக்கு வில்லி, எழுதுபவருக்கோ, மேசையில் உட்கார்ந்ததும் தடையில்லாமல் பேசத் தொடங்கும் ஒரே ஆள். அப்படிப்பட்டவரை இழந்தால் மறுநாள் காலை எழுதும் வேலையே கடினமாகிவிடும்.

அந்தக் குரல் நிற்க மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்தர் கோனன் டாயில் எடுத்துக்காட்டு. வரலாற்று நாவல்களால் பெயர் பெற வேண்டும் என்று விரும்பியவரை, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் வேறெதையும் செய்யவிடவில்லை. 1891 நவம்பரில், ஹோம்ஸைக் கொன்று ஒரேயடியாக முடித்துவிட எண்ணுவதாகவும், மேலான விஷயங்களிலிருந்து அவன் தன் மனத்தைத் திருப்பிவிடுவதாகவும் தாய்க்கு எழுதினார். தாயார் கூடவே கூடாது என்று தடுத்ததோடு நில்லாமல், அடுத்த கதைக்கு ஒரு கருவையும் கொடுத்தார். ஹோம்ஸின் ஆயுள் இரண்டு ஆண்டுகள் நீண்டது. 1893 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த கதையில், சுவிட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியில் ஹோம்ஸ் பகைவனோடு விழுந்து மறைந்தான். பத்திரிகைக்கு 20,000 சந்தாக்கள் போயின என்று சொல்லப்படுகிறது. அழுதவர்கள் பலர் என்று தான் கேள்விப்பட்டதாகவும், தனக்கோ கொஞ்சமும் வருத்தமில்லை, புதிய களங்களில் எழுத வாய்ப்புக் கிடைத்ததே என்று மகிழ்ச்சிதான் என்றும் டாயில் பின்னாளில் எழுதினார். அது கொலையன்று, தற்காப்பு; நான் அவனைக் கொன்றிராவிட்டால் அவன் என்னைக் கொன்றிருப்பான் என்று 1896இல் ஒரு கூட்டத்தில் பேசினார்.

டாயில் கல்நெஞ்சர் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஒவ்வொரு ஹோம்ஸ் கதைக்கும் ஒரு நாவலுக்குத் தேவையான அளவு தெளிவான, புதிய புதிர் தேவைப்பட்டது. அந்த உழைப்பின் பலனோ, அவர் விரும்பாத புகழாக அவர்மேலேயே வந்து குவிந்தது. பிடிக்காத பங்காளியோடு கடை நடத்தியவர் கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வருவதைப் போன்றதுதான் அவருடைய நிம்மதி. கடைசியில் 1903இல், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று எழுதி அவனைத் திரும்ப அழைத்துவர நேர்ந்தது. அருவியில் உடல் எதுவும் கிடைக்கவில்லை என்று அவரே எழுதியிருந்தது அதற்கு உதவியது. வெறுப்போடு கொன்றவர் கதவை ஏன் முழுக்கச் சாத்தவில்லை என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

வரலாற்று நாவலில் நிலைமை மாறுகிறது. அங்கே சிலருடைய சாவு ஆசிரியரின் கையில் இல்லை. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டே ஆக வேண்டும்; உடையார்குடிக் கல்வெட்டு அதைப் பதிவு செய்துவைத்திருக்கிறது. எப்போது, எந்த அறையில், யார் யார் அருகில் இருக்க என்பதுதான் கல்கிக்கு மிஞ்சிய சுதந்திரம். கத்தி யாருடையது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லாமல் விட்டு, அந்தச் சுதந்திரத்தையும் அவர் புதிராகவே பயன்படுத்திக்கொண்டார். ஆனால் கடம்பூர் மாளிகையின் மணிமேகலை கல்வெட்டில் இல்லாதவள். அவளைக் கொல்லச் சொல்லி எந்தச் சான்றும் கல்கியைக் கட்டாயப்படுத்தவில்லை. அத்தனை பெரிய நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு 'மலர் உதிர்ந்தது!' என்று பெயரிட்டு, பட்டாபிஷேகத்துக்கும் அரசியலுக்கும் கொடுக்காத இறுதி இடத்தை அவளுடைய சாவுக்குக் கொடுத்திருக்கிறார். எந்தச் சாவு வரலாற்றின் கட்டாயம், எது ஆசிரியரின் தேர்வு என்று பிரித்துப் பார்த்தால் அவருடைய மனம் எங்கே சாய்ந்திருக்கிறது என்பது ஓரளவு புலப்படும்.

முடிவு எடுப்பதும் எழுதுவதும் வெவ்வேறு நாட்களில் நடப்பவை என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் சாகப்போவது ஆசிரியருக்கு நூறு பக்கங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதுவரை அவரைச் சாப்பிடவைத்து, சிரிக்கவைத்து, அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போடவைத்து எழுத வேண்டும். வலியின் பெரும்பகுதி அந்தப் பக்கங்களிலேயே கழிந்துவிடுவதும் உண்டு. சிலர் தள்ளிப்போடுவார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2000இல் வெளிவந்த தம் நாவலில், திருமண விருந்தில் நடக்கும் படுகொலைப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே அதை எழுதினார். அவருடைய பாத்திரங்கள் கொத்துக்கொத்தாகச் சாவதைப் பார்த்து அவரை இரக்கமற்றவர் என்று நினைப்பவர்கள் பலர்.

தள்ளிப்போடுவதற்கு நேரெதிரான வழியைக் கண்டுபிடித்தவர் அகதா கிறிஸ்டி. 1920இல் அறிமுகப்படுத்திய துப்பறிவாளர் ஹெர்குல் பொய்ரோவை அவருக்கே ஒரு கட்டத்தில் சகிக்கவில்லை. வாசகர்களோ விடுவதாக இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பொய்ரோ சாகும் நாவலை எழுதி முடித்து, உரிமையை மகளுக்கு எழுதிவைத்து, கைப்பிரதியைப் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டார். அதன் பிறகு முப்பது ஆண்டுகள், தான் ஏற்கெனவே கொன்றுவிட்ட அதே மனிதரை வைத்துப் பத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். டிக்கன்ஸைப் போல மனநிலையைக் காக்கவோ, டாயிலைப் போலச் செத்தவரை எழுப்பவோ அவருக்குத் தேவை ஏற்படவில்லை. முதுமையில் புதிய நாவல் எழுத உடல் இடங்கொடுக்காத நிலை வந்த பிறகே, 1975இல், பூட்டிவைத்த பிரதியை வெளியிட இசைந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு 6 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் பொய்ரோவுக்கு முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி வெளியிட்டது.